தீர்மானம் எங்கே, தோழர்?

மாநாடு முடிந்த மறுநாள் காலையில் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: எத்தனை லட்சம் பேர்? கட்சிக்காரர் ஒரு கணக்குச் சொல்வார். எதிர்க்கட்சிக்காரர் அதில் பாதிகூட இல்லை என்பார். நெறியாளர் ட்ரோன் படத்தை மறுபடியும் ஓட்டச் சொல்வார். நாற்காலிக்குக் கணக்கு, வேனுக்குக் கணக்கு, பார்க்கிங் ஏக்கருக்குக் கணக்கு. வந்தவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று மட்டும் எந்த நெறியாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டாலும் பதில் இருக்காது. முடிவெடுக்கச் சொல்லி யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. படத்தில் நிற்கச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அரசியல் மாநாடு தொலைக்காட்சிப் பொழுதுபோக்காகிவிட்டது என்று பலரும் எழுதிவிட்டார்கள். அதை ஏதோ ரசனைக் கேடு போலத்தான் அவர்களில் பலர் எழுதுகிறார்கள். முன்பெல்லாம் மாநாட்டில் தமிழ் மணக்குமாம், இப்போது டிஜே சத்தம் கேட்கிறதாம். எனக்கு ரசனை பிரச்சினை இல்லை. அந்தப் படத்தில் பின்னணியாக நிற்பது யார் என்பதுதான் பிரச்சினை. 2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. இந்த மாவட்டத்தில் எந்தக் கட்சி திடல் போட்டாலும் நம் காலனியிலிருந்து வேன் போகாமல் அந்தத் திடல் நிரம்பாது. மேடையில் நமக்கு எத்தனை நாற்காலி என்பது வேறு கணக்கு. அதை எந்தச் சேனலும் போடுவதில்லை.

2024 அக்டோபர் 27 ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். விக்கிரவாண்டியை அடுத்த வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு. 101 அடி கொடிக்கம்பம். பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலு நாச்சியார், அஞ்சலையம்மாள் என்று வானுயர கட்-அவுட்டுகள். அவர்களோடு சேர, சோழ, பாண்டிய மன்னர்களும். (சாதியை ஒழிக்கச் சொன்னவரையும் 'ஆண்ட பரம்பரை' போஸ்டர்களில் நாம் அன்றாடம் பார்க்கிற மன்னர்களையும் ஒரே வரிசையில் நிறுத்த கட்-அவுட்டால் மட்டும்தான் முடியும்.) மேடையிலிருந்து கூட்டத்துக்குள் நீளும் நடைமேடை. அதில் விஜய் நடந்து வருகிறார், தொண்டர்கள் துண்டுகளை வீசுகிறார்கள், அவர் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். ஒரு கேமரா முன்னால் பின்வாங்கிக்கொண்டே போகிறது, ஒன்று மேலே பறக்கிறது. இதற்குள் வெயிலில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மாநாட்டுக்கு வரும் வழியிலேயே சாலை விபத்தில் இறந்தவர்களும் உண்டு. கொள்கைகளையும் அன்று வாசித்தார்கள். சமூக நீதி என்றார்கள், சமத்துவம் என்றார்கள், பிறப்பொக்கும் என்றார்கள். ஒன்றும் தவறில்லை. ஆனால் மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றியது அந்த நடையும் துண்டும்தான். அந்தக் கொள்கைகளில் எதையாவது திருத்தவோ, சேர்க்கவோ, வேண்டாம் என்று சொல்லவோ திடலில் இருந்தவர்களுக்கு வழி இருந்ததா? கை தட்ட வழி இருந்தது.

அன்று அதே மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் என்ன நிலையில் இருந்தது தெரியுமா? 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர் தாக்கப்பட்டார். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் திறந்தார்கள். பூசாரி போகலாம், மக்கள் போக முடியாது. நீதிமன்றம் சொல்லி, தலித் மக்கள் அதற்குள் கால் வைத்தது 2025 ஏப்ரல் 17-ல். ஆக வி.சாலையில் சமத்துவம் ஒலிபெருக்கியில் முழங்கிய அன்று, மேல்பாதியில் ஒரு கோயில் நம்மை உள்ளே விடுவதைவிட எல்லோருக்கும் மூடியிருப்பது மேல் என்ற நிலையில் கிடந்தது. இதற்காக ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் இந்த மாவட்டத்துக்கு மேடை போட வந்த எந்தக் கட்சியின் ட்ரோனும் மேல்பாதிக்குப் பறந்து போகவில்லை.

முகையூர் பக்கம் நான் மாலைநேர வகுப்பு எடுக்கிற ஒரு காலனியில் அந்த நேரலையைப் பத்திருபது பேரோடு உட்கார்ந்து பார்த்தேன். பையன்கள் பாதிப் பேர் திடலில். வீட்டில் இருந்தது பெண்களும் பெரியவர்களும் நோட்டோடு வந்த பிள்ளைகளும். ட்ரோன் மேலே போனதும் ஒரு ஆயா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "எல்லாம் எறும்பாட்டம் இருக்குது, இதுல எம்பேரன் எதுடி?" என்று பேத்தியைக் கேட்டார். "இங்க இருந்து தெரியாது ஆயா" என்றது அந்தப் பெண். "அப்புறம் எதுக்கு இதக் காட்டுறான்?" என்றார் ஆயா. எம்.ஏ. படிக்கும்போது பிரெஞ்சுக்காரர் கி தெபோர் 1967-ல் எழுதிய 'காட்சிச் சமூகம்' பற்றி ஒரு செமஸ்டர் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். மனிதர்களுக்கு இடையிலான உறவே படங்கள் வழியாக நடக்கிற உறவாக மாறிப்போவதைப் பற்றிய புத்தகம் அது. ஆயாவின் கேள்வியை அந்த வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சீக்கிரம் புரிந்திருக்கும். எம்.எஸ்.எஸ்.பாண்டியனின் 'பிம்பச் சிறை'யைப் படித்தவர்களுக்கு, எம்.ஜி.ஆர் காலத்தில் திரைப்பிம்பம் ஏழைகளின் வாக்கை எப்படி வாங்கியது என்று தெரியும். அப்போது பிம்பம் திரையில் இருந்தது, ஏழை எதிரே உட்கார்ந்து பார்த்தார். இப்போது ஏழையையும் தூக்கிப் பிம்பத்துக்குள் போட்டுவிட்டார்கள். எறும்பாக.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 27 இரவு கரூர் வேலுச்சாமிபுரத்தில் நெரிசலில் 41 பேர் செத்தார்கள். பெண்கள், குழந்தைகள். பகலிலிருந்து காத்திருந்த கூட்டம், தலைவர் வந்தது இரவில். அது மாநாடு அல்ல, பிரச்சாரக் கூட்டம்தான். ஆனாலும் அதே கணக்குதான் அங்கேயும்: கூட்டம் எவ்வளவு நேரம் நின்று எவ்வளவு தூரம் வழிகிறதோ படம் அவ்வளவு நன்றாக வரும். அந்தச் சாவுக்குப் பிறகு சமூக ஊடகத்தில் ஒரு குரல் கிளம்பியதே, கவனித்தீர்களா? 'தற்குறிகள்', 'அறிவில்லாத கூட்டம்', 'கைக்குழந்தையோடு எவன் போகச் சொன்னான்' என்று. அந்தக் குரலை நாம் எடுத்துப் பேசக் கூடாது. அந்தக் குரலின் சாதி எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நம் தெருப் பையன்களும் விஜய் ரசிகர்கள்தான். முன்பு ரஜினி ரசிகர்களாக இருந்தவர்களின் பிள்ளைகள்தான். அவர்கள் முட்டாள்கள் அல்ல. வாரம் முழுக்க கரும்பு வெட்டியோ பெயிண்ட் அடித்தோ வருகிற பையனுக்கு, ஒரு நாள் தானும் பெரிய ஒன்றின் பாகம் என்று தோன்றுகிறது. அந்த ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. அந்த ஆசையை வைத்துப் படம் எடுக்கிறவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும். மதுரை மாநாட்டில் நடைமேடையில் ஏறிய ஒருவரைப் பவுன்சர்கள் தூக்கி வீசிய காட்சி நினைவிருக்கிறதா? படத்துக்குள் அவருக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தாண்டிவிட்டார். அதுதான் அவர் செய்த குற்றம்.

காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்கிற பேச்சும் வரும். 2024-25-ல் நூறுநாள் வேலைக்கு அரசு அறிவித்த கூலி 319 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் பாக்கி. அந்த நிலைமையில் ஒரு நாள் கூலிக்கும் ஒரு பொட்டலத்துக்கும் வேன் ஏறுகிறவரைப் பார்த்து ஒழுக்கம் பேசுகிறவர், முதலில் அந்தக் கூலிக்கு ஒரு நாள் வேலை செய்துவிட்டு வரட்டும்.

சரி, மாநாடு என்றால் என்ன? நம் ஆட்கள் அதை எதற்காக நடத்தினார்கள்?

1891 டிசம்பர் 1. நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய மாநாடு. கட்-அவுட் கிடையாது, மைக் கிடையாது. பத்துத் தீர்மானங்கள் போட்டார்கள். எல்லாம் தரையில் கால் பதித்த தீர்மானங்கள்: இலவசப் பள்ளி, கல்விக்கு உதவித்தொகை, படித்தவர்களுக்கு அரசு வேலை, பொதுக் குளத்திலும் கிணற்றிலும் தண்ணீர் எடுக்கும் உரிமை. முதல் தீர்மானம் என்ன தெரியுமா? பறையர் என்ற பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது. அதை எழுதிக் காங்கிரசுக்கு அனுப்பினார்கள். இன்று ஒருவன் நம்மைப் பொதுவெளியில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுகிறோமே, அந்தச் சட்டம் வந்த ஆண்டு 1989. நீலகிரித் தீர்மானத்துக்கும் அதற்கும் இடையில் 98 ஆண்டுகள். கிணறும் பொதுவழியும் பற்றிய கோரிக்கை 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமாக வந்து நின்றது. அதற்கு 33 ஆண்டுகள். யாரோ ஒருவர் எழுதி, ஒருவர் முன்மொழிந்து, கூடியிருந்தவர்கள் ஏற்றுக்கொண்டு, தாளில் ஏறிய வரி அது. தாளில் ஏறியதால்தான் அடுத்த தலைமுறை எடுத்து நீட்ட முடிந்தது.

சுயமரியாதை இயக்கத்தின் 1929 பிப்ரவரி செங்கல்பட்டு மாநாட்டையும் பாருங்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானதும் 1989-ல்தான். பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடுவது என்றும் அங்கே முடிவு செய்தார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டுக்காரர் பெயரில் சாதி வால் இல்லாததைப் பார்த்து வடக்கே ஆச்சரியப்படுகிறார்கள். (வால் போனது, சாதி போகவில்லை. அதை இன்னொரு பதிவில் பேசலாம்.)

1956-ல் திருச்சியில் நடந்த திமுக மாநாட்டை இன்றைய உடன்பிறப்புகள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பது கேள்வி. அண்ணா மேடையில் ஏறி "நிற்கிறோம்" என்று அறிவிக்கவில்லை. பெட்டி வைத்து வந்தவர்களிடம் வாக்கு வாங்கினார்கள். நிற்கலாம் என்று 56,942 பேர், வேண்டாம் என்று 4,203 பேர். அந்தக் கட்சியோடு நமக்குத் தீராத கணக்குகள் ஆயிரம் உண்டு. ஆனால் அந்த 4,203 என்ற எண்ணைப் பாருங்கள். மாநாட்டுக்கு வந்து 'வேண்டாம்' என்று சொன்னவர்களையும் ஒவ்வொருவராக எண்ணியிருக்கிறார்கள். இன்றைய மாநாடுகளில் லட்சத்தை எண்ணுகிறார்கள், 'வேண்டாம்' என்பதை எண்ணுகிற ஒரு கட்சியைக் காட்டுங்கள். இப்போது எல்லாக் கட்சியிலும் தவறாமல் நிறைவேறுகிற தீர்மானம் ஒன்று இருக்கிறது: கூட்டணி குறித்து முடிவெடுக்கத் தலைவருக்கு முழு அதிகாரம் வழங்கப்படுகிறது. இனி எங்களைக் கேட்க வேண்டாம் என்று கூடி நின்று தீர்மானம் போடுகிற விநோதம்.

மகாடு எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். தண்ணீர் குடித்த காட்சி தெரியும். அது ஒரு மாநாடு என்பது பலருக்குத் தெரியாது. 1927 மார்ச் 19, 20 ஆகிய இரண்டு நாள் மாநாடு. மகாடு நகராட்சி குளத்தைத் திறந்துவிட்டதாக 1924-லேயே தீர்மானம் போட்டிருந்தது, ஆனால் ஒருவரும் போய்த் தொட முடியவில்லை. பேசினார்கள், முடிவெடுத்தார்கள், எழுந்து வரிசையாகக் குளத்துக்கு நடந்தார்கள். டிசம்பரில் இரண்டாவது மாநாட்டுக்கு இடம் கேட்டபோது சாதி இந்துக்கள் யாரும் நிலம் தரவில்லை. ஃபத்தேகான் என்ற இஸ்லாமியர் தன் நிலத்தைக் கொடுத்தார். அங்கேதான் மனுநூல் எரிந்தது. அந்த நடையையும் ஒரு நடை என்றுதான் சொல்ல வேண்டும். நடைமேடை இல்லாத நடை. நடந்தவர்களில் பலருக்கு அன்று அடி விழுந்தது. பார்வையாளர் என்று தனியாக யாரும் அங்கே இல்லை.

இதைப் படிக்கிற ஒருவர் கேட்கலாம்: பாட்டும் ஆட்டமும் மாநாட்டுக்குப் புதிதா? திராவிட இயக்க மாநாடுகளில் நாடகம் போடவில்லையா? நம் மாநாடுகளில் பறை இல்லையா? இருந்தது, இருக்கிறது, இருக்கட்டும். விடிய விடியக் கூத்து நடக்கிற மண் இது. கூத்தில் கட்டியங்காரன் பார்வையாளரைப் பார்த்துப் பேசுவான், ஊர் நடப்பைக் கிண்டலடிப்பான், முன்வரிசையில் தூங்குகிறவரைப் பெயர் சொல்லி எழுப்புவான். நீங்களும் திருப்பிக் கொடுக்கலாம். நேரலையில் அது முடியாது. பறையாட்டக் கலைஞர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சி மாநாடானாலும் நுழைவாயிலில் அவர்கள்தான் நெருப்பில் காய்ச்சி அடித்து வரவேற்பார்கள். கேமராவும் இருபது வினாடி காட்டும். தலைவர் கார் உள்ளே போனதும் அவர்கள் வெளியே உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பார்கள். விடிந்ததும் அந்தத் திடலின் தண்ணீர்ப் பாட்டிலையும் உடைந்த நாற்காலியையும் அள்ள வருகிறவர்களும் நம்மவர்கள்தான். அப்போது கேமரா எடுத்துக் கட்டியாகிவிட்டிருக்கும்.

கேமரா எடுத்துக் கட்டுவது பற்றிப் பேசும்போது மரக்காணத்தை விட்டுவிட முடியாது. 2013 ஏப்ரல் 25, மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா. மேடை, நிலவு, கடற்கரை, முழக்கம் எல்லாம் படத்துக்கு அழகானவை. அந்த விழாவுக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் இருக்கிறது. அன்று அங்கே தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. மேடையை மட்டும் காட்டுகிற படத்தில் சாலை வராது, சாலையோரத்துச் சேரியும் வராது. ஒரு மாநாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அது எந்தெந்த ஊர் வழியாகப் போனது, போன வழியில் என்ன செய்தது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சமூகவியலில் கள ஆய்வு என்பது அதுதான்.

நான் கேமராவுக்கே எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். 1964 ஆகஸ்ட் 22-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கட்சி மாநாடுகள் 1950-களிலிருந்தே தொலைக்காட்சித் திருவிழாக்கள். ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வெள்ளையர் மட்டுமே பிரதிநிதிகளாக வந்திருந்தார்கள். நாங்கள்தான் உண்மையான பிரதிநிதிகள் என்று கறுப்பின மக்கள் தனியாக ஒரு குழுவோடு வந்து நின்றார்கள். அந்தக் கோரிக்கையை விசாரிக்கிற குழுவின் முன் ஃபேனி லூ ஹேமர் என்ற பெண் சாட்சி சொன்னார். பண்ணையில் வாரத்துக்குப் பாடுபட்டவர். 1962-ல் வாக்காளராகப் பதியப் போனதற்காகப் பண்ணையிலிருந்து துரத்தப்பட்டவர். 1963-ல் காவல் நிலையத்தில் அடித்து நொறுக்கப்பட்டவர். அதை அப்படியே கேமரா முன் சொல்லத் தொடங்கினார். வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்குப் பொறுக்கவில்லை. கேமராக்களைத் தன் பக்கம் இழுக்க அவசரமாக ஒரு செய்தியாளர் கூட்டத்தைக் கூட்டினார். சேனல்களும் அங்கே ஓடின. ஆனால் அன்று இரவே ஹேமரின் சாட்சியத்தை நாடு முழுக்க ஒளிபரப்பினார்கள். கட்சித் தலைமை இறங்கிவந்து இரண்டு இடம் தருகிறோம் என்றது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1968 மாநாட்டில் ஹேமர் பிரதிநிதியாகவே போய் உட்கார்ந்தார்.

அதே கேமராதான், அதே திருவிழாதான். ஹேமர் பின்னணியில் கையசைக்கவில்லை. ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டிய இடத்தில், அந்த முடிவை மாற்றக்கூடிய சாட்சியத்தோடு உட்கார்ந்திருந்தார். அதனால்தான் ஒரு நாட்டின் தலைவருக்கு அவரைப் பார்த்துப் பயம் வந்தது.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவர், ஒரு தலித் பெண், ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்த படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது. ஜிம்மி ஜிப்பும் இல்லை, ட்ரோனும் இல்லை. ஒரே ஒரு படம். ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பாய்ந்தது. லட்சம் பேரைக் காட்டிய எந்தப் படமாவது இப்படி ஒரு வழக்கைப் பதிய வைத்திருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இது சிலருக்குக் கசக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் நம் மக்கள் பலர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பம். இந்தப் பின்னணியில் விடுதலைச் சிறுத்தைகள் 2024 அக்டோபர் 2-ல் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தியது மிகச் சரியான முடிவு. 2023-24-ல் டாஸ்மாக் வருமானம் 45,855 கோடி ரூபாய். அந்தப் பணம் யார் வீட்டு அடுப்பிலிருந்து போகிறது என்று சொல்லக்கூடியவர்கள் அந்த மாநாட்டுக்கு வந்த பெண்கள். ஆனால் மாநாட்டுக்கு முந்தைய மூன்று வாரமும் சேனல்கள் விவாதித்தது என்ன? அதிமுகவை அழைத்தது ஏன், கூட்டணி உடையுமா, 'ஆட்சியில் பங்கு' பேச்சுத் துண்டு அண்ணன் திருமாவின் எக்ஸ் பக்கத்தில் வந்து மறைந்து மறுபடி வந்தது ஏன். மாநாட்டு மேடையில் ஆளுங்கட்சிப் பிரதிநிதிகளும் இருந்தார்கள். மதுவிலக்கு கேட்டுத் தீர்மானங்கள் நிறைவேறின. புருசனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்த ஒரு பெண் ஹேமரைப் போல அரை மணி நேரம் சாட்சி சொல்ல, ஆளுங்கட்சிப் பிரதிநிதிகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். எல்லாச் சேனலும் அங்கே இருந்தன. அன்றிரவு விவாதமும் கூட்டணி பற்றித்தான்.

நாக்பூரில் 1942 ஜூலையில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாட்டோடு பெண்களுக்கென்று தனி மாநாடு நடந்தது. மணவிலக்கு உரிமை வேண்டும், பலதார மணத்தை ஒழிக்க வேண்டும் என்று தலித் பெண்கள் அங்கே தீர்மானம் போட்டார்கள். இந்து சட்டத் தொகுப்பு நாடாளுமன்றத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. இந்த மரபில் வந்தவர்கள் நாம், கூட்டணிக் கணக்கு விவாதத்துக்குப் பின்னணியாகப் போகலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அக்டோபர் 2 என்ன நாள்? கிராமசபை நாள். 2024 ஜனவரி 26-ல் திருச்சி சிறுகனூரில் 'வெல்லும் சனநாயகம்' மாநாடு நடந்தது. ஜனவரி 26 என்ன நாள்? அதுவும் கிராமசபை நாள். சனநாயகம் வெல்ல வேண்டும் என்று நாம் வேன் ஏறிப் போன அன்று, நம் ஊராட்சியில் சட்டப்படி சனநாயகம் நடக்க வேண்டிய கூட்டத்தில் காலனி ஆட்கள் இல்லை. ஊர்த்தெருக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து, ஏற்கெனவே எழுதி வைத்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார்கள். தேதி குறிக்கிறவர்கள் இதையும் ஒரு காலண்டரில் பார்த்தால் நல்லது.

இதைப் படிக்கிற மாணவர்கள், நீல நிறத்தில் அண்ணல் எடிட் போடுகிற தம்பிகள், ரீல்ஸ் எடுக்கிற தங்கைகள், உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்கள் கையில் இருக்கும் போன் 1964-ல் ஹேமருக்கு இல்லாதது. அதைத் தலைவர் என்ட்ரிக்கு மட்டும் தூக்காதீர்கள். மாநாட்டுக்குப் போங்கள், தாராளமாகப் போங்கள். போவதற்கு முன் வேன் பிடித்துத் தருகிற ஒன்றியச் செயலாளரிடம் தீர்மான நகல் ஒன்று கேளுங்கள். "அங்க வந்து கேட்டுக்கோ" என்பார். நம் ஊர்ப் பிரச்சினை அதில் இருக்கிறதா, இல்லையென்றால் சேர்க்க யாரிடம் எழுதித் தர வேண்டும் என்று மறுபடி கேளுங்கள். பத்து ஊரில் கேட்டால் அவர் மாவட்டத்திடம் கேட்பார்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வந்தால் கோரம். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200. அதற்கும் மேல் 300. நூறு பேர் என்றால் நான்கு வேன் ஆட்கள். முகையூர் ஒன்றியத்தில் ஒரு மாநாட்டுக்கு ஒரு காலனியிலிருந்தே அத்தனை பேர் கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன். சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலப் பட்டியல், காலனிக்கு வராத குடிநீர்க் குழாய், டாஸ்மாக் கடை எல்லாவற்றுக்கும் அங்கே தீர்மானம் கேட்கலாம். வாய்மொழியாகச் சொன்னால் பதிவேட்டில் ஏறாது. தாளில் எழுதி இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி முடிக்கும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம். எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுங்கள், கீழே கையெழுத்துகள் தெரிகிற மாதிரி.